எண்ணெய்த் தகரத்து அருவதா

ஒரு செடி சும்மா நின்றபடியே கொலை செய்யும் என்று நான் நம்பினேன். அது கடிக்கவில்லை, குத்தவில்லை. யாரும் அதைத் தின்னவும் இல்லை. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், சீசா என்ற பகுதியில், எங்கள் மூன்றாம் மாடிப் பல்கனியில், பழைய ஒலிவ் எண்ணெய்த் தகரம் ஒன்றுக்குள் மஞ்சள் பூவோடு நின்றது. நின்ற நிலையிலேயே அது என் மனைவியின் வயிற்றிலிருந்த பிள்ளையைக் கொன்றுவிட்டது என்றும், அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நான் கொலைக்கு உடந்தை என்றும் நம்பினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. எழுத வாசிக்கத் தெரியும். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். மூளை மட்டும் அந்த நாட்களில் லீவில் போயிருந்தது.

மனைவி 2002இல்தான் என்னிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன்னான வருடங்களில் நாங்கள் தொலைபேசி அட்டையில் குடும்பம் நடத்தினோம். அட்டை முடியும்போது சண்டையும் முடிந்துவிடும். அந்த வகையில் மிக நல்ல குடும்பம். எனக்கு பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்து, அதைக் காட்டி அவளைக் கூப்பிட வழி பிறந்தபோது இரண்டு பேருக்கும் நரை தொடங்கியிருந்தது. பிள்ளை என்ற சொல்லை நாங்கள் வீட்டுக்குள் எடுப்பதில்லை. எடுக்க வேண்டி வந்தால் நான் ஒரு பகிடி விட்டு அதைத் தாண்டிப் போவேன். பகிடி எனக்குக் கைத்தடி மாதிரி. ஊன்றாமல் நடக்க வராது.

இரண்டு வருடம் கழித்து, தவக்காலத்தின் கடைசிக் கிழமைகளில், அவள் வேலைக்குப் போகிற வீட்டுச் சிஞ்ஞோராதான் முதலில் கண்டுபிடித்தாள். மீன் பொரிக்கிற மணத்துக்கு என் மனைவி குசினியை விட்டு ஓடினாளாம். அன்றைக்குப் பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கதவோடு நின்று சொன்னாள். நான் என்ன பகிடி விட்டேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை. ஒன்றும் விடவில்லை என்று நினைக்கிறேன். கதிரையில் இருந்துவிட்டேன்.

அவளுக்கு நாற்பத்தொன்று. இது ஒரு முறைதான் வரும் என்று இருவருக்கும் தெரியும்.

எங்கள் ஆட்களிடம் இரண்டு கட்டுப்பாடு உண்டு. மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் வாய் திறக்கக் கூடாது. பிறக்கும்வரை பிள்ளைக்கென்று ஒரு சாமானும் வாங்கி வைக்கக் கூடாது. முதலாவதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூசை முடிந்து வெளியே ஆட்கள் நின்று கதைக்கும்போது, சிரிப்பு என் முகத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். “என்ன, லொத்தர் விழுந்ததோ?” என்று கேட்பார்கள். “ஓம், ஆனா துண்டைத் துலைச்சுப்போட்டன்” என்பேன்.

காலையில் அவள் சத்தி எடுக்கிற சத்தம்தான் எனக்குக் கோயில் மணி. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று நான் கிரிக்கெட் வர்ணனை செய்வேன். “பந்து வீச்சாளர் ஓடி வருகிறார்... ஆ, இது எல்லைக் கோட்டைத் தாண்டுது!”

உள்ளேயிருந்து குரல் வரும். “வாயை மூடுங்கோப்பா. சிரிச்சா இன்னும் வருகுது.”

அப்போது நான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோர உணவகம் ஒன்றில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கணவாய், சிப்பி, முள் நிறைந்த கடல் ஊமத்தை எல்லாம் என் கைக்கு வந்துதான் தட்டுக்குப் போகும். உணவகத்தின் முதலாளிதான் சமையல்காரரும். என் வயதுதான், வயிறு மட்டும் என்னைவிட மூத்தது. அவருக்கு வாழ்க்கையில் ஒரே எதிரி பூனை. மீன் பெட்டி இறங்கும் இடத்தில் பூனைகள் காவல் நிற்கும். கடைக்குப் பின்னால் அவர் தக்காளியும் கத்தரியும் வைத்திருந்தார். மீன் கழிவைத் தின்ற பூனைகள் கைகால் கழுவுவதற்குப் போவது போல அந்தப் பாத்திக்குள்ளேதான் போகும்.

அதற்காக அவர் பாத்தியைச் சுற்றி வேலி மாதிரி ஒரு செடி வைத்திருந்தார். நீலம் கலந்த பச்சையில் சின்னச் சின்ன இலை. கத்தரிக்கோலால் ஓரத்தைக் கொத்திவிட்டது போல இதழ் கொண்ட மஞ்சள் பூ. கிட்டப் போனால் தோடம்பழத் தோலும் மருந்துக் கடையும் சேர்ந்த ஒரு மணம். எனக்கு அதைக் கண்டவுடன் தெரிந்துவிட்டது. ரூத்தா என்று அவர் சொன்னது அருவதா. எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீடுகளில் அது கட்டாயம் இருக்கும். சளி கட்டினால் இலையை வாட்டி எண்ணெயில் போட்டு நெஞ்சில் தடவுவார்கள். காய்ந்த இலையைத் தணலில் போட்டு, குளித்த பிள்ளைக்குப் புகை காட்டுவார்கள். வசம்போடு சேர்த்து அரைஞாணில் கட்டிவிடுவதும் உண்டு. நான் அதுவரை பூனைக் காவலுக்கு என்று கேள்விப்பட்டதில்லை.

முதலாளி அந்தச் செடியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சட்டியில் உள்ளது கருகும்வரை பேசுவார். அவர் சிசிலி மொழியில் சொன்னதை நான் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டேன். “அத்திமரத்துக்குக் கீழை வை, ரெண்டும் நல்லாய் வரும். பசிலிக்கோத் துளசிக்குப் பக்கத்தில வைக்காதை, ரெண்டுக்கும் ஆகாது.” கோழிக்கூட்டில் ஒரு கட்டுத் தொங்கவிட்டால் செள்ளு அண்டாது. குசினி வாசலில் தொங்கவிட்டால் ஈ இலையான் குறையும். கிராப்பா சாராயப் போத்தலுக்குள் ஒரு கொப்பைப் போட்டு வைத்து, சாப்பாடு செரிக்காதவர்களுக்குச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார். எனக்கும் ஒருநாள் தந்தார். செரித்தது; அதற்கு முதல்நாள் சாப்பிட்டதும் சேர்த்துச் செரித்தது.

இன்னொன்றும் சொன்னார். “வெயிலில இதைத் தொடாதை. வெட்டுறதெண்டால் சூரியன் சாய்ஞ்ச பிறகு வெட்டு. கையுறை போடு.” இதே மனிதர்தான் கட்டிலில் தொப்பி வைக்கக் கூடாது என்றும், எண்ணெய் கொட்டினால் தரித்திரம் என்றும் சொல்கிறவர். ஆகவே வெயில் கதையையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டு மூடினேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் பலெர்மோவில் ஒருவரும் வீட்டில் இருப்பதில்லை. கடற்கரையெல்லாம் இறைச்சி சுடுகிற புகை. வழமையாகத் திங்களில் பூட்டுகிற கடையும் அன்றைக்குத் திறப்பு; மூச்சு விட நேரமில்லை. மத்தியானக் கூட்டம் வடிந்து, முதலாளி நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்து நான் கேட்டேன், அருவதாவில் ஒரு கன்று தருவாரா என்று.

“ஆருக்கு?”

“ஒரு பிள்ளைக்கு.”

“ஆற்றை பிள்ளை?”

கட்டுப்பாடு. “சொந்தக்காரற்றை.”

அவர் வேர் பிடித்த ஒரு கன்றைக் கிண்டி, பழைய ஒலிவ் எண்ணெய்த் தகரத்தில் மண்ணோடு வைத்துத் தந்தார். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியிருப்பார். பிறகு அதையும் நினைத்து நினைத்து உருகினேன்.

பஸ்ஸில் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் கேட்டுக்கேள்வி இல்லாமல் ஒரு இலையைக் கிள்ளிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கண்ணூறுக்காம். எல்லாரும் விரும்புகிற ஒரு சாமானோடு வீட்டுக்குப் போகிறேன் என்று எனக்குப் பெருமை.

மனைவி கதவைத் திறந்து பார்த்தாள். “என்னப்பா இது?”

“செடி.”

“செடி எண்டு தெரியுது. ஏன் எண்டு கேட்டனான்.”

“அருவதா. நாளைக்குப் பிள்ளைக்குச் சளி பிடிச்சா எங்கை போய்த் தேடுறது?”

அவள் முகம் மாறியது. “பிறக்க முன்னம் சாமான் சேக்கக் கூடாது எண்டு தெரியாதோ உங்களுக்கு?”

“இது சாமானோ? உயிர். அதோடை நான் வாங்கேல்லை. செடி சும்மா. தகரம் சும்மா. மண்ணும் அந்தாளின்ரை. நான் தூக்கிக்கொண்டு மட்டும்தான் வந்தனான். சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.”

“உங்களுக்கு எல்லாம் பகிடி.”

ஆனால் எறியச் சொல்லவில்லை. பல்கனி மூலையில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்து அவளே வைத்தாள். அன்றிலிருந்து காலையில் எழும்பியதும் முதல் வேலையாக அதன் முன்னால் போய்க் குனிவாள். ஒரு இலையைக் கிள்ளி, விரலால் கசக்கி, மூக்கருகே வைத்து நெடுநேரம் நிற்பாள். எனக்கு அந்த மணம் பிடிக்காது. அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் வாந்தியும் இல்லை. குளியலறை வாசலில் எனக்கு வேலை போய்விட்டது. வர்ணனையாளர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இரண்டும் இரண்டும் நாலு என்று நான் கணக்குப் போட்டேன்.

“பாத்தீரோ? என்ரை செடி வந்ததோடை உமக்குச் சத்தி நிண்டிட்டுது. டொக்டர் செய்யாததைத் தகரம் செய்துபோட்டுது.”

“ஓம்” என்றாள்.

அந்த ஓமை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு மேல் மாடியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் இருந்தான். பல்கலைக்கழகத்தில் பயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் சாப்பிட வருவான். மே மாத முதல் ஞாயிறு, மீன் பொரியலும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் பல்கனிப் பக்கம் எட்டிப் பார்த்தான். செடி அப்போது நன்றாகப் பூத்து நின்றது.

“அண்ணே, சதாப்பு இலைல்ல அது? எங்க வீட்லயும் குழந்தைக்குச் சளின்னா இதான்.”

“எங்கடை பக்கம் அருவதா எண்டு சொல்லுறது, தம்பி.”

“குழந்தை பொறந்த அப்புறம் நல்லது. வயித்துல இருக்கறப்ப ஆகாதுண்ணே. சினை ஆட்டை இது பக்கம் மேய விடமாட்டாங்க. அந்தக் காலத்துல கருவக் கலைக்கவே இதத்தான் குடுப்பாங்களாம். இங்க ஐரோப்பாவுலயும் அப்படித்தான்னு படிச்சிருக்கேன்.” சொல்லிவிட்டு அவன் குசினிப் பக்கம் திரும்பி, “அக்கா, சொதி சூப்பர்” என்றான்.

என் வாயிலிருந்த மீன் முள் உள்ளே போனதா வெளியே வந்ததா தெரியாது.

“மணந்தால்?” என்று கேட்டேன்.

“என்னண்ணே?”

“தின்னேல்லை. சும்மா மணந்து பாத்தால் என்ன செய்யும்?”

“ஆட்டுக்கா?”

“ஓம். ஆட்டுக்குத்தான்.”

“ஆடு எதுக்குண்ணே மோந்து பாக்கப் போவுது? பாத்தா திங்கும்.”

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. அவள் வெளியே வரவில்லை. அவன் இன்னொரு மீன்துண்டு போட்டுக்கொண்டான்.

அன்றைக்கு முழுக்க நான் அவளை ஆடு மாதிரியே பார்த்துக்கொண்டு திரிந்தேன். எழும்பினால் எழும்பினேன், இருந்தால் இருந்தேன். “வயித்துக்குள்ளை ஏதும் செய்யுதோ?” என்று கேட்டேன். “இல்லை.” கொஞ்சம் கழித்துத் திரும்பக் கேட்டேன். “நீங்கள் கேக்கிறதுதான் செய்யுது” என்றாள். இரண்டு கட்டுப்பாட்டில் ஒன்றை மீறினேன். அதுவும் சட்டம் பேசி மீறினேன். மீறிக் கொண்டுவந்ததோ ஊரிலுள்ள செடிகளுக்குள் இந்த ஒன்றை. நான் வேறு ஏதாவது செய்திருக்கலாம். ஒரு கிலுகிலுப்பை வாங்கியிருக்கலாம். கிலுகிலுப்பை யாரையும் கொல்லாது.

மறுநாள் திங்கட்கிழமை கடை பூட்டு. அவள் வேலைக்குப் போய்விட்டாள். நடு மத்தியானம், வெயில் பல்கனியைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் பெனியனோடு நின்று அந்தச் செடியைப் பிடுங்கினேன். வேர் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கட்டிப்பிடித்து இழுத்தேன். கொப்பெல்லாம் கை, முழங்கை, மார்பு என்று எங்கும் நசிந்து சாறு ஒழுகியது. பிடுங்கிய பிறகும் அது உயிரோடு இருக்கிற மாதிரி ஒரு எண்ணம். மீன் கத்தியை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினேன். பையில் போட்டுத் தெருக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தேன். படியேறும்போது, இந்தத் தெருவில் வேறு யாராவது பிள்ளைத்தாச்சி இருந்தால் என்று நினைப்பு வந்தது. திரும்ப ஓடினேன். தொட்டிக்குள் கையை விட்டுப் பையை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீடுகள் இல்லாத பக்கம் தேடி அந்த வெயிலில் நடந்தேன். சீசாவில் வீடுகள் இல்லாத பக்கம் கிடையாது. இரண்டு கிழவர்கள் மட்டும் குடியிருந்த ஒரு கட்டடத்துக்கு முன்னாலிருந்த தொட்டியில் போட்டேன். அவர்களுக்கு ஆபத்தில்லை என்று நம்பினேன்.

பின்னேரம் அவள் வந்து பல்கனியைப் பார்த்தாள்.

“செடி எங்கை?”

“பூச்சி பிடிச்சுப்போட்டுது.”

“பூச்சியைக் கலைக்கிற செடிக்கோ?”

அவள் வெறும் தகரத்தை ஒரு முறை தூக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். “ஒரு இலையாவது விட்டிருக்கலாம்” என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் என் கைகள் சிவந்தன. அதற்கடுத்த நாள் காலையில் பார்த்தால் இரண்டு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கொப்புளம். கொதி எண்ணெய் ஊற்றியது போல, நீர் கட்டி, ஒன்றோடொன்று ஒட்டி. எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இது தண்டனை. விவிலியத்தில் எகிப்துக்காரருக்கு வந்தது, இப்போது எனக்கு வந்திருக்கிறது.

அன்றைக்கு அவளுக்கு ஸ்கான் எடுக்கக் கொடுத்திருந்த நாள். முதல் ஸ்கான். ஆகவே இருவரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஆண் தாதி ஒருவன் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எண்ணெயா? நெருப்பா?”

“ரூத்தா.”

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு தாதி வந்தாள். வெயிலில் ரூத்தாவைக் கட்டிப்பிடித்தாயா என்று கேட்டாள். அதன் சாறு தோலில் பட்டு, அதில் வெயில் விழுந்தால் இப்படித்தான் ஆகுமாம். தோட்டம் செய்கிற எல்லாருக்கும் தெரியுமாம். முதலாளி சொன்னதில் இது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை. இதை மட்டும் நான் மூடநம்பிக்கை என்று தள்ளியிருந்தேன். இரண்டு கைக்கும் விரல்வரை கட்டுப் போட்டுவிட்டார்கள். குத்துச்சண்டைக்குப் போகிறவன் மாதிரி மேல் மாடிக்கு ஏறினேன். அவள் என்னைக் கண்டதும் வாயைப் பொத்திச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு.

ஸ்கான் எடுத்த பெண் டொக்டர் முதலில் பரிதாபத்தோடு பார்த்தது என் கைகளைத்தான். பிறகு அவளைப் படுக்க வைத்து, வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். தேடினார். திரையில் மங்கலாக ஏதோ இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கின மாதிரித் தலையாட்டினேன்.

“என்ரை கையைப் பாத்துப் பயந்து ஒளிக்குது” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. டொக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எனக்கு இத்தாலியன் அவ்வளவு வராது. ஆனால் ‘இல்லை’ என்பது கடையில் நான் முதல்முதல் படித்த சொல். மீன் முடிந்துவிட்டால் மேசைக்குப் போய்ச் சொல்கிற அதே சொல். இதயத் துடிப்புக்கு அதைச் சொன்னார்.

நான் கட்டுப் போட்ட இரண்டு கையையும் தூக்கினேன். “தொத்தோரேஸ்ஸா, ரூத்தா... நான்... பல்கனியில் ரூத்தா...” எனக்குக் கை வலிக்கிறது என்று நினைத்து அவர் தாதியைக் கூப்பிட்டார்.

“சும்மா இருங்கோ” என்றாள் அவள், படுத்தபடி. பலத்துச் சொல்லவில்லை.

தாதி என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து ஒரு கதிரையில் இருத்தி, குடிக்கத் தண்ணீர் தந்தாள். கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை; அவளே பிடித்துக் குடிப்பாட்டினாள். கதவுக்கு உள்ளே டொக்டரும் என் மனைவியும் நெடுநேரம் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். நான் செடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் வைத்து, செய்ய வேண்டியதைச் செய்தார்கள். வீட்டுக்கு வரும்போது பையை அவள்தான் தூக்கினாள், என்னால் முடியாது என்று. என் சட்டைப் பொத்தானை அவள்தான் பூட்டினாள். சோற்றைப் பிசைந்து அவள்தான் என் வாயில் வைத்தாள். பிள்ளைக்கு ஊட்ட இருந்த கையால் என்று நான் ஒரு வரி எழுதலாம். எழுதினால் அவள் அடிப்பாள். ஊட்டினாள், அவ்வளவுதான். “ஆவெண்டுங்கோ” என்றாள். ஆவென்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வந்தார்கள். என் கையைப் பார்க்க. பிள்ளை விஷயம் ஒருவருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடியவில்லையே. ஒருத்தர் கபோ சந்தையிலிருந்து தோடம்பழம் கொண்டுவந்தார். ஒரு அம்மா கற்றாழை கொண்டுவந்தா. எல்லாரும் கதையைக் கேட்டார்கள். நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? பிடுங்கினது, வெட்டினது, தொட்டிக்குள் கையை விட்டது, இரண்டு கிழவர்களைத் தேடிப் பிடித்தது, எல்லாம் சொன்னேன். ஏன் பிடுங்கினேன் என்பதை மட்டும் மாற்றினேன். பாம்பு இருந்தது என்று நினைத்தேனாம்.

“மூண்டாம் மாடியிலை பாம்போ?”

“லிஃப்டிலை வந்திருக்கும்.”

“கட்டின மனிசியைக் கூட இப்பிடி இறுக்கிக் கட்டிப்பிடிச்சிருக்க மாட்டான்!”

வீடு அதிர்ந்தது. அவள் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றாள். எல்லாரும் சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். பிறகு ஒவ்வொருவருக்கும் சீனி கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். போகும்போது கற்றாழை அம்மா அவளுடைய கையைப் பிடித்து, “பாவம், மனுசனை நல்லாய்ப் பாத்துக்கொள் பிள்ளை” என்றா. “ஓம் அன்ரி” என்றாள்.

ஆட்கள் போன பிறகு கிண்ணங்களை அவளே கழுவினாள். நான் பக்கத்தில் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று தொண்டைவரை வந்தது, நான்தான் அதைக் கொண்டுவந்தேன் என்று. அவளுக்குத் தெரியாததா? பையன் சொன்னபோது குசினியில் நின்றவள்தானே. அவள் என்னைக் குற்றம் சொல்லாமல் இருப்பதே என் கையைவிட அதிகமாக எரிந்தது.

சில கிழமை கழித்து அவளைத் திரும்பக் காட்ட அதே டொக்டரிடம் போனோம். என் கட்டு அவிழ்ந்துவிட்டது. கொப்புளம் இருந்த இடமெல்லாம் மண்ணிறத் தழும்பு. இந்த முறை நான் ஆயத்தமாகப் போனேன். கணவாய் கழுவும்போதெல்லாம் ஒரு இத்தாலியன் வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தேன். டொக்டர் எல்லாம் நலம் என்று சொல்லி முடித்ததும் எழுந்து நின்றேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. என் மனைவி ஒவ்வொரு நாளும் ரூத்தா இலையை மணந்தாள், அதனால்தானா?

டொக்டருக்கு முதலில் விளங்கவில்லை. மனைவி எடுத்துச் சொன்னாள். அவர் என் தழும்பைப் பார்த்தார். இப்போது அவருக்கு எல்லாம் விளங்கியது, சிரிக்கவில்லை. இலையைக் காய்ச்சிக் குடிப்பது ஆபத்து என்றார், மணப்பதால் ஒன்றும் ஆகாது என்றார். பிள்ளையின் வளர்ச்சி ஸ்கான் எடுத்த நாளில் நிற்கவில்லை, அதற்குப் பல கிழமை முன்னமே நின்றுவிட்டது, அளவைப் பார்த்தாலே தெரிந்தது என்றார். “இதை அன்றைக்கே உங்கள் மனைவிக்குச் சொன்னேனே.”

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். வெயில். நான் கையை நிழலுக்குள் வைத்துக்கொண்டேன், அது பழகிவிட்டது.

“அண்டைக்கே சொன்னவவோ?”

“ஓம்.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை. செடியைப் பற்றித்தானே கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்.” அவள் வீதியைப் பார்த்தபடி சொன்னாள். “அவ சொல்ல முன்னமே எனக்குத் தெரியும். பெரிய வியாழனோடை சத்தி நிண்டிட்டுது. அண்டைக்கு நான் ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டனான். நீங்கள் கூட, பன்னிரண்டு சீடரின்ரை பங்கையும் சாப்பிட்டிட்டன் எண்டு பகிடி விட்டனீங்கள்.”

விட்டேன். ஞாபகம் வந்தது. செடி வந்த பிறகுதான் வாந்தி நின்றது என்று நான் கட்டியிருந்த கதை அந்தப் பஸ் தரிப்பில் இடிந்து விழுந்தது.

“அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் அந்த இலையை மணந்தனீர்?”

“அந்த மணத்துக்காவது சத்தி வருகுதோ எண்டு பாத்தனான்.”

பஸ் வந்தது. ஏறினோம். இருக்க ஒரு இடம்தான் கிடைத்தது. அவள் இருந்தாள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்குப் பிறகு பிள்ளை கிடைக்கவில்லை. கையிலிருந்த தழும்பு வருடக்கணக்காக மங்கி மங்கி, இப்போது நான் காட்டினால்தான் தெரியும். கையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இன்னமும் லிஃப்டில் வந்த பாம்பைச் சொல்கிறேன்.

வாந்தி நின்றது பெரிய வியாழக்கிழமை. அருவதாவை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது அதற்கு நாலு நாள் கழித்து, உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள். அது எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது பிள்ளையின் இதயம் ஏற்கெனவே நின்றிருந்தது.